காந்தல் உனக்குத்தான்

ரியோ, 2 நவம்பர் 1999

டிசியூ,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். நீ ஆசி கேட்க முடியாவிட்டாலும் அம்மா சொல்லிவிடுகிறேன். நான் நலம். கால் வீக்கம் வற்றிவிட்டது. இன்று கல்லறைத் திருநாள் என்பதால் பஸ்ஸில் உட்கார இடமில்லை. சாமந்தியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். நீ போன பிறகு வரும் மூன்றாவது திருநாள் இது. போன வருஷம் எனக்கு எழுதத் தெரியாது. இப்போது மாலை வகுப்பில் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

உனக்கு ஒரு சேதி. நம் குன்றில் சினிமா எடுக்கப் போகிறார்கள். நிஜமான சினிமா. நேற்று இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து பந்து மைதானத்தில் இறங்கினார்கள். துப்பாக்கிக்காரப் பையன்களைப் பற்றிய கதையாம், நம்மைப் போல இருக்கிறவர்களைப் பற்றியாம். நடிக்க வெளியிலிருந்து யாரையும் கொண்டுவர மாட்டார்களாம், எல்லாம் இங்கேயே எடுப்பார்களாம். நீ இருந்திருந்தால் முதல் ஆளாய் வேனுக்கு முன்னால் குதித்திருப்பாய். குதித்துக் குதித்துப் பாடும் கறுப்புக் குருவியின் பேரை உனக்கு வைத்தவன் உன் அண்ணன். சரியாகத்தான் வைத்தான்.

இந்தக் காகிதத்தைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். மழை வருவதற்குள் படித்துவிடு.

உன் அம்மா இவோனெட்


ரியோ, 14 நவம்பர் 1999

அன்புள்ள மில்சோ,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். நான் நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? அந்தப் படகில் எஞ்சின் புகைக்குள்ளேயே படுக்காமல் ஊஞ்சல் துணியை வெளியே கட்டிக்கொள்.

மகனே, நான் சினிமாவில் இருக்கிறேன். பயப்படாதே, சமையல்காரியாகத்தான். எண்பது பேருக்குக் கறுப்பு பீன்ஸ், சோறு, மரவள்ளி மாவு வறுவல். நம் குன்றிலேயே பெரிய பானை என்னுடையது என்று ஜுரேமாதான் போய்ச் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் இருபது வருஷம் இருந்து என் பானையைக் கடன் வாங்கியதற்கு இதுதான் கைம்மாறு.

இயக்குநர் பெயர் ஒட்டாவியோ. தலைமுடி தோள் வரை. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு திரிகிறார், சேற்றில் இரண்டு தரம் விழுந்துவிட்டார். துப்பாக்கிக்காரப் பையன்களை வைத்து நம் குன்றை ஆள்கிற முதலாளியிடம் அனுமதி வாங்கப் போனாராம். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எடுங்க. ஆனா என்னைவிட அழகானவனை என் வேஷத்துல போடாதீங்க" என்றானாம். இவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாராம்.

ஹெலாய்சா என்று ஒருத்தி தினமும் மைதானத்தில் நம் பிள்ளைகளுக்கு நடிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். யாரிடமும் வசனம் எழுதிய தாள் கிடையாது. ஒவ்வொருத்தர் காதிலும் தனித்தனியாகச் சொல்கிறாள், நீ யார், என்ன செய்ய வந்திருக்கிறாய் என்று. பேச்சை அவரவர்தான் பேச வேண்டும். ஒருத்தர் காதில் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. பானையைக் கிளறிக்கொண்டே பார்க்கிறேன், கரண்டி கையில் நின்றுவிடுகிறது.

உடனே எழுது.

அம்மா


பெலேம், 20 டிசம்பர் 1999

ஆசி கொடுங்கள் அம்மா,

நான் நலம். இருமல் இல்லை. படகு மூன்று வாரம் ஆற்றில் இருந்ததால் உங்கள் கடிதம் துறைமுகக் கடையில் காத்துக் கிடந்தது. கடைக்காரர் உறையைப் பிரிக்காமலே வாசம் பிடித்து, "உங்கம்மா பீன்ஸ் சமைக்கறவங்களா?" என்று கேட்டார். உறையில் எண்ணெய்க் கறை.

உங்கள் எழுத்தை நீங்களே எழுதியதாக யாரும் நம்பவில்லை. படகில் எல்லோருக்கும் இரண்டு தரம் படித்துக் காட்டினேன். கிழட்டுச் சுக்கானி, "அந்த முதலாளிக்கு யாரைப் போட்டாங்க?" என்று விடாமல் கேட்கிறார். யாரைப் போட்டார்கள்? கேமரா எத்தனை? ராத்திரிக் காட்சியை எப்படி எடுக்கிறார்கள்? எல்லாம் எழுதுங்கள். இங்கே பார்க்க இருப்பது தண்ணீரும் மரமும்தான்.

கிறிஸ்மஸுக்கு வர முடியாது. போன வருஷமும் இதையே எழுதினேன், தெரியும்.

மில்சோ


ரியோ, 9 ஜனவரி 2000

அன்புள்ள மில்சோ,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். நான் நலம். நலத்துக்கும் மேலே. உட்கார்ந்து படி.

உன் சுக்கானியிடம் சொல், முதலாளி வேஷம் போடுகிறவன் ஜெசியெல். ரொட்டி விற்கும் எஸ்தர் அம்மாவின் மகன். ஞாயிறு தவறாமல் ஜெபக்கூட்டத்தில் கித்தார் வாசிக்கிறவன். அவன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது. ஹெலாய்சா இரண்டு நாள் கெஞ்சினாள். கடைசியில் போதகரே வந்து, நடிப்பில் திட்டினால் பாவமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். இப்போது ஒவ்வொரு தடவையும் கண் சிவக்கத் திட்டிவிட்டு, கேமரா நின்றதும் கையைக் கூப்பி, "மன்னிச்சிடுங்க அண்ணே" என்று எதிரில் நிற்கிறவனிடம் கேட்கிறான். நிஜ முதலாளியின் ஆட்கள் மதில்மேல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒருவன் இறங்கி வந்து, துப்பாக்கியைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்காதே என்று சொல்லி, பிடிக்கும் விதத்தைக் காட்டிவிட்டுப் போனான்.

முதல் நாள் வெற்றுத் தோட்டா வெடித்துப் பார்த்தார்கள். முன்கூட்டி ஒலிபெருக்கியில் சொல்லியும், வெடித்த மறுநொடி குன்று முழுக்கத் தரையில் படுத்துவிட்டது. ஜுரேமா துணிக்கூடைக்கு அடியில். நான் பானைக்குப் பின்னால். நின்றது சினிமாக்காரர்கள் மட்டும்தான், கொக்கு மாதிரி. ஒட்டாவியோ ஓடிவந்து, இதை மறுபடி இப்படியே செய்ய முடியுமா என்றார். ஜுரேமா கூடைக்குள்ளிருந்தே, "ஒரு தரம் படுத்தா இடுப்பு எழும்பாது தம்பி, நாளைக்கு வாங்க" என்றாள்.

இனி என் விஷயம். சாப்பாட்டு வரிசையில் ஒரு பையன் இடையில் நுழைந்தான். காதைப் பிடித்துத் திருகி நாலு வார்த்தை சொன்னேன். திரும்பினால் ஹெலாய்சா நிற்கிறாள். நான் படத்தில் நடிக்க வேண்டுமாம். ஒரு அம்மாவாக. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஜுரேமா சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "நட்சத்திரமே, குப்பையைக் கொட்டிட்டீங்களா?" என்கிறாள்.

நடிக்கட்டுமா? சொல்.

அம்மா


மனாவுஸ் போகும் வழியில், 2 பிப்ரவரி 2000

ஆசி கொடுங்கள் அம்மா,

நடியுங்கள். கேட்கவே வேண்டாம். நான் நலம். படகே நலம். கடிதத்தைப் படித்ததும் சுக்கானி சங்கை ஊதிவிட்டார், கரையில் மாடு மிரண்டு ஓடியது. ஜெசியெல் எனக்குப் பள்ளியில் பென்சில் திருடித் தரமாட்டேன் என்றவன். அவன் முதலாளியா!

யாருக்கு அம்மா? ஜெசியெலுக்கா? கதை என்ன? என்ன கவுன், என்ன தோடு என்று கேட்கிற ஊர்க் கிழவி மாதிரி கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மில்சோ


ரியோ, 20 பிப்ரவரி 2000

அன்புள்ள மில்சோ,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். நான் நலம். நீ நலமா?

ஜெசியெலுக்கு இல்லை. பட்டம் விடுகிற ஒரு பையனுக்கு.

இங்கே வந்த முதல் வாரத்தில் ஒட்டாவியோ வீடு வீடாய்ப் போய்க் கதை கேட்டாராம். யாரோ டிசியூ கதையைச் சொல்லியிருக்கிறார்கள். பேரில்லாமல், அரைகுறையாய். யாருடைய பையன் என்று அவருக்குத் தெரியாது. படத்தில் அந்தப் பையன் முதலாளியின் காவல்காரன். மாடியில் நின்று சிவப்புப் பட்டம் விடுவான். போலீஸ் ஏறினால் இறக்குவான், அதற்குக் கூலி. ஒருநாள் போலீஸ் இல்லாமலே வேண்டுமென்று இறக்கிவிடுவான். போலீஸ் என்று நினைத்து முதலாளியின் ஆட்கள் சுடுவார்கள், அதில் சாவான்.

பத்திரிகையும் அன்றைக்கு இதைத்தானே எழுதியது, "காவல்காரன், வயது 13" என்று. இப்போது திரையில் ஊர் ஊராய்ச் சொல்லப் போகிறார்கள். என் பிள்ளை யாரிடமும் கூலி வாங்கவில்லை. பட்டம் விட்டான். அவ்வளவுதான்.

நடிக்க மாட்டேன் என்று சொல்லப் போனேன். ஆனால் நான் விட்டுவிட்டால் வேறு ஒருத்தி நடிப்பாள், கதை அப்படியே இருக்கும். மாற்றச் சொன்னால், பிறகு எதற்குப் பட்டத்தை இறக்கினான் என்று கேட்பார்கள். என்ன செய்யட்டும்?

பையனாக நடிக்கிறவன் அடுத்த குன்றுக்காரன், பெயர் அலிசன். பத்து வயது. சாப்பாட்டு வரிசையில் என்னிடம் காது திருகல் வாங்கியவன் அவன்தான்.

அம்மா


ரியோ, 30 மார்ச் 2000

அன்புள்ள மில்சோ,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். பதில் வரவில்லை. நலமா? துறைமுகக் கடைக்குத் தொலைபேசி செய்தேன். படகு இரண்டு தரம் வந்துபோனது, கடிதத்தை வாங்கிக்கொண்டான் என்றார்கள்.

மழையால் எங்கள் காட்சி தள்ளிப்போகிறது. வெயில் வந்தால் எடுத்துவிடுவார்கள். நான் எழுதியதில் ஏதாவது உன்னை நோகடித்ததா? ஒரு வரி போதும்.

அம்மா


பெலேம், 28 ஏப்ரல் 2000

அம்மா,

இந்தத் தடவை ஆசி கேட்காமல் எழுதுகிறேன். கேட்க எனக்கு வாயில்லை.

டிசியூ பட்டத்தின் அந்தச் சிவப்புக் காகிதம் நான் அனுப்பியது. அவன் பிறந்தநாளுக்கு. நீங்கள் பச்சை வாங்கச் சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? கடையில் பச்சை இல்லை. சிவப்பு காவல்காரர்களின் நிறம் என்று நம் குன்றில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஊரை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, என்ன பெரிதாய் நடந்துவிடும் என்று நினைத்தேன். வெயிலில் நன்றாய்த் தெரியும் என்று நினைத்தேன்.

அதனால்தான் அடக்கத்துக்கு வரவில்லை. படகு போய்விட்டது என்று எழுதினேனே, பொய். படகு துறையில்தான் நின்றது. நான் அதற்குள் படுத்திருந்தேன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நான் சொன்ன காரணம் எல்லாம் இதே பொய்தான்.

அவனைக் காவல்காரன் ஆக்கியது நான். படத்திலும் அப்படியே வரட்டும், நீங்கள் மட்டும் நடிக்க வேண்டாம்.

மில்சோ


ரியோ, 21 மே 2000

என் மில்சோ,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். கேட்காததற்கும் சேர்த்து இரண்டு தரம்.

உன் கடிதம் வந்து மூன்றாம் நாள் வெயில் வந்தது. என்ன நடந்தது என்று வரிசையாய்ச் சொல்கிறேன்.

காட்சி நம் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. அலிசன் அடுப்படி ஜன்னலுக்கு எதிரே தெரிகிற மாடியில், சிவப்புப் பட்டத்தோடு. கீழ் முனையில் ஜெசியெலும் நாலு பேரும். நான் உள்ளே அடுப்படியில். ஹெலாய்சா வந்து என் காதில், "நீங்க சமைச்சிட்டு இருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வெடிச்சத்தம் கேட்டதும் வெளியே ஓடி வாங்க" என்றாள். அலிசன் காதிலும் ஏதோ சொல்லியிருந்தாள். முனையில் நின்றவர்களுக்கு மட்டும், சிவப்புப் பட்டம் இறங்குவதைப் பார்த்தால் சுட ஆரம்பியுங்கள் என்று சொல்லியிருந்தாளாம்.

வெறும் பானை வைத்துக்கொண்டு நடிக்க மாட்டேன் என்று நிஜமாகவே சமைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதிரி கோழி, மக்கரோனி, சோறு. சோறு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. ஜன்னல் வழியாய்ப் பார்த்தால் அந்தப் பையன் அண்ணாந்து வானத்தைப் பார்த்து நிற்கிறான். அவன் முதுகு, மில்சோ. சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு.

நான் ஜன்னலைத் தள்ளிக் கூப்பிட்டேன்.

"டேய், சுத்திக்கிட்டு இறங்கு. சாப்பாடு ஆறுது. காந்தல் உனக்குத்தான் வெச்சிருக்கேன்."

யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அலிசன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் காதில் சொன்னது வேறு. ஆனால் சாப்பிடக் கூப்பிட்டால் பிள்ளை வேறு என்ன செய்யும்? நூலைச் சுற்றினான். பட்டம் இறங்கியது. கீழ் முனையில் இருந்தவர்களுக்கு நான் கூப்பிட்டது கேட்கவில்லை, பட்டம் மட்டும்தான் தெரிந்தது. சுட ஆரம்பித்துவிட்டார்கள். சத்தம் சந்து முழுக்க. நான் படுக்கவில்லை. வெளியே ஓடவும் இல்லை.

அலிசன் படியில் தடதடவென்று இறங்கி, உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எங்கே காந்தல்?" என்றான்.

போட்டேன். தட்டில் சுரண்டிச் சுரண்டிப் போட்டேன். ஒட்டாவியோ கேமராவை நிறுத்தவே இல்லை. பையன் தின்று முடித்துவிட்டு மக்கரோனியும் கேட்டான்.

அதற்குப் பிறகு நான் தரையில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொன்னேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன். அந்த ஜூலை ஞாயிறு அவனைக் கூப்பிட்டது நான்தான். இதே ஜன்னல் மாதிரி ஜன்னல், இதே வார்த்தை. அவன் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றான். நான்தான் அதட்டினேன். அவன் பட்டத்தை இறக்கினான். முனையில் இருந்தவர்கள் போலீஸ் என்று நினைத்தார்கள். படியேறி வந்தது காஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் முனைக்காரர்கள் சுட்டார்கள். உன் தம்பி மாடிப்படியில் இருந்தான். பாதி வழியில்.

போலீஸ்காரனிடமும் பத்திரிகைக்காரனிடமும் நான் அடுப்படியில் இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். என் பிள்ளை காவல்காரன் இல்லை என்று வாய் திறந்தால், பிறகு ஏன் இறக்கினான் என்பார்கள். அதற்காக என் குழந்தை மேல் அந்தப் பேரை அப்படியே விட்டுவைத்தேன். மூன்று வருஷம் ஆகப்போகிறது. நீ படகில் படுத்திருந்தாய், நான் பேசாமல் இருந்தேன். எது பெரிய பொய் என்று நீ சொல்.

காகிதம் சிவப்பு என்று நானும்தான் பார்த்தேன். என் கையால்தான் அவனுக்குக் கொடுத்தேன். அதில் பட்டம் கட்டி மூன்று ஞாயிறு விட்டான். காவல்காரப் பையன்களே, "உன்னுது எங்களுதைவிட ஒசத்தியா இருக்குடா" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அது மேலே இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை, மகனே.

ஒட்டாவியோ அழுதுவிட்டார். அந்த நீளமுடி முழுக்க மூக்குச்சளி. கதையை மாற்றுகிறார்கள். படத்தில் இனி அவன் காவல்காரன் இல்லை, சாப்பிட வந்த பையன். ஜெசியெல் வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறான். "நீ சுட்டது காகிதத் தோட்டாடா, எழுந்திரு" என்றேன்.

 நெஞ்சு கனக்கவில்லை. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். வருகிறாயா?

அம்மா


பெலேம், 25 ஜூன் 2000

ஆசி கொடுங்கள் அம்மா,

ஆசி கொடுங்கள், ஆசி கொடுங்கள். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

கடிதத்தை இந்தத் தடவை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. சுக்கானி என் முகத்தைப் பார்த்துவிட்டு சுக்கானை என் கையில் கொடுத்தார். ஒரு மணிநேரம் ஓட்டினேன். நேராகத்தான் ஓட்டினேன்.

அக்டோபர் கடைசியில் வருகிறேன். நிஜமாக. பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன், உறைக்குள் அதன் பாதி இருக்கிறது, நம்புவதற்கு. ஜுரேமா அக்காவிடம் சொல்லுங்கள், நட்சத்திரத்தின் மகன் வருகிறான், குப்பையை அவன் கொட்டுவான் என்று.

மில்சோ


ரியோ, 2 நவம்பர் 2000

டிசியூ,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். நான் நலம். இந்தத் தடவை பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். உன் அண்ணன் எனக்கு இடம் பிடித்தான். இதோ, பத்தடி தள்ளி நின்று வாளியில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறான். உன் பக்கத்தில் முதலில் ஒரு மணிநேரம் தனியாய் உட்கார்ந்திருந்தான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

சினிமா வந்துவிட்டது. இன்னும் முழுசாய் முடியவில்லையாம், இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது நீங்கள்தான் என்று சனிக்கிழமை மைதானத்தில் பெரிய வெள்ளைத் துணி கட்டினார்கள். குன்றே வந்தது. எஸ்தர் அம்மா கூடை ரொட்டியைச் சும்மாவே கொடுத்தாள். மகன் முதல் கெட்ட வார்த்தை சொன்னதும் காதைப் பொத்திக்கொண்டாள், விரலுக்கு இடையே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எல்லாரும் தரையில் படுக்கிற இடத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை. ஜுரேமா எழுந்து நின்று, "அந்தக் கூடைக்கு அடியில நான்தான்!" என்று கத்தினாள்.

பிறகு நான் வந்தேன். வீடு மாதிரி பெரிய முகம். ஜன்னலைத் தள்ளிக் கூப்பிட்டேன்.  பையன் நூலைச் சுற்றுகிறான், பட்டம் இறங்குகிறது, வெடிக்கிறது. அப்புறம் வெறும் படிக்கட்டு, மேசைமேல் தட்டு. அதோடு அந்தக் காட்சி முடிகிறது. அலிசன் தின்றதைக் காட்டவில்லை, அதை ஒட்டாவியோ எனக்கென்று தனியாக வைத்திருக்கிறார். உன் அண்ணன் என் கையைப் பிடித்திருந்தான், விரல் வலித்தது. இருட்டில் யாரோ ஒரு ஆண்குரல், "அந்தப் பையன் காவல்காரன் இல்லையா அப்போ?" என்று கேட்டது. ஜுரேமா திரும்பி, "இல்லடா. சாப்பிடப் போனான்" என்றாள்.

அதைக் கேட்கத்தான் நான் நடித்தேன், டிசியூ.

நேற்று கோழி, மக்கரோனி. அலிசனும் அடுத்த குன்றிலிருந்து வந்திருந்தான். காந்தலை உன் அண்ணன் தன் தட்டில் வாங்கவில்லை, அந்தப் பையனுக்குத் தள்ளினான். தின்றுகொண்டிருந்த அலிசனிடம் ஒன்று கேட்டேன். அன்றைக்கு ஹெலாய்சா உன்னிடம், தான் கையசைத்த பிறகுதான் பட்டத்தை இறக்க வேண்டும் என்று சொன்னாளே, நீ ஏன் நான் கூப்பிட்டதும் வந்துவிட்டாய் என்று. வாய் நிறைய சோற்றோடு, "பசிச்சுது" என்றான்.

டிசியூ, நீ இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாயே. உனக்கும் அன்றைக்குப் பசித்ததா?